போன் ஆப் இருந்தால் போதுமா, ரேடியோவும் வாங்க வேண்டுமா?

புதுப்படகு, சவுத்தாம்ப்டன்

வணக்கம். போன மாதம் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கியிருக்கிறேன். 19 அடி நீளம், பின்னால் மாட்டும் எஞ்சின். ஹாம்பிள் ஆற்றில் கட்டி வைத்திருக்கிறேன். கோடை முடிவதற்குள் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, சோலன்ட் நீரிணையைக் கடந்து, ஐல் ஆஃப் வைட் தீவிலுள்ள கௌஸ் வரை போய்வர ஆசை. ஏறத்தாழ ஏழு கடல் மைல் இருக்கும்.

படகில் சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் கருவி) இல்லை, படகுகள் ஒன்றோடொன்று பேசும் வி.எச்.எஃப். ரேடியோவும் இல்லை. விற்றவர், "இப்போது எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள், நேவியானிக்ஸ் ஆப்புக்குச் சந்தா கட்டினால் போதும்" என்றார். பக்கத்தில் படகு கட்டியிருக்கும் பெரியவரோ, "ரேடியோ வாங்காமல் பிள்ளைகளை ஏற்றாதே" என்கிறார். பிரிட்டனில் சொந்தப் படகு ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை, ஆனால் ரேடியோவில் பேசத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதனாலேயே தயங்குகிறேன். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

செசபீக் செல்வி, அனாபொலிஸ்

படகுக்கு வாழ்த்துகள். ஆப்பைத் தயங்காமல் போடுங்கள்.

நானும் கணவரும் 30 அடிப் பாய்மரப் படகில் ஒன்பது ஆண்டுகளாகச் செசபீக் விரிகுடாவில் சுற்றுகிறோம். படகோடு வந்த சார்ட்பிளாட்டர் மூன்றாம் ஆண்டில், பொட்டோமாக் ஆற்றின் வாயருகே, பொழுது சாயும் நேரத்தில் அணைந்தது. அப்புறம் அது உயிர் பெறவே இல்லை. அன்று எங்களைக் கரை சேர்த்தது என் பழைய போன். செல்போன் சிக்னல் இல்லாத இடம் அது. ஆனாலும் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தேன், ஜி.பி.எஸ்.ஸுக்குச் செல்போன் சிக்னல் தேவையில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிளாட்டர் படகிலேயே கிடக்கும். போன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்ததும் நாளை எங்கே போகலாம் என்று இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். அந்த அரை மணி நேரங்களில்தான் நான் இந்த விரிகுடாவைக் கற்றுக்கொண்டேன். செசபீக்கின் சராசரி ஆழம் 21 அடிதான், எங்கே மணல் எங்கே சேறு என்று தெரியாமல் இங்கே படகு ஓட்ட முடியாது. ஆப்பில் படகுக்காரர்கள் குறிப்பு எழுதும் ஆக்டிவ்கேப்டன் பகுதியில் யாராவது எழுதி வைத்திருப்பார்கள்: இந்தக் கழியில் அடி முழுக்கக் குழைசேறு, நங்கூரம் பிடிக்காது, வடமேற்குக் காற்றென்றால் இரவு தங்காதீர்கள் என்று. அச்சு வரைபடத்தில் இதற்கு இடமேது?

தெற்கே போனால், கரையை ஒட்டி உள்ளே ஓடும் இன்ட்ராகோஸ்டல் நீர்வழியில் மணல் ஒவ்வொரு புயலுக்கும் இடம் மாறும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை புதிதாக அளந்த ஆழங்களை அக்வா மேப் போன்ற ஆப்கள் வரைபடத்தின் மேலேயே காட்டுகின்றன. இது வந்த பிறகு தரைதட்டாமல் போன பயணங்கள் எங்களுக்கே பல.

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

தம்பி, பக்கத்துப் படகுப் பெரியவர் சொன்னதைக் கேளுங்கள். இருபது ஆண்டுகளாக நீங்கள் கடக்கப்போகும் அதே தண்ணீரில்தான் ஓட்டுகிறேன். புதியவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன்.

வரைபடப் பேச்சு பிறகு. முதலில் ஆபத்தில் உதவி கேட்பதைப் பார்ப்போம். போனில் 999 அழைத்தால் கடலோரக் காவல்படையில் ஒருவருக்குக் கேட்கும். அதுவும் சிக்னல் இருந்தால். ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் காவல்படைக்கும் கேட்கும், சுற்றியுள்ள எல்லாப் படகுகளுக்கும் கேட்கும். கோடையில் சோலன்ட்டில் முதலில் உங்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் அரை மைல் தள்ளிப் போகும் இன்னொரு படகாகத்தான் இருக்கும். அந்தப் படகுக்காரரின் போன் நம்பர் உங்களிடம் இருக்காது. டி.எஸ்.சி. வசதியுள்ள ரேடியோவில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருப்பிடமும் தானாகவே போய்விடும். பேசக்கூட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

அடுத்தது, சவுத்தாம்ப்டன் வரும் பெரிய கப்பல்கள். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல், துறைமுகம் வரையறுத்த முன்னெச்சரிக்கைப் பகுதிக்குள் வரும்போது, அதன் முன்னால் 1,000 மீட்டரும் இருபுறமும் 100 மீட்டரும் நாம் நுழையக் கூடாத இடம். கப்பலோடு சேர்ந்து அந்தத் தடைப்பகுதியும் நகரும். ஹாம்பிளிலிருந்து கௌஸ் போகும் வழி அதன் குறுக்கே போகிறது. 12-ஆம் சேனலைத் திறந்து வைத்தால் எந்தக் கப்பல் எப்போது திரும்பப்போகிறது என்று துறைமுகக் கட்டுப்பாட்டு அறை பேசுவது உங்கள் காதில் விழும்.

புதுப்படகு, சவுத்தாம்ப்டன்

நன்றி அண்ணா, அக்கா. ஒரு சந்தேகம். மரைன்டிராஃபிக் ஆப்பில் கப்பல்கள் நகர்வது தெரிகிறதே. பெயர், வேகம், திசை எல்லாம் வருகிறது. அதைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்ளலாம் இல்லையா?

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

பாடம் எடுக்கும்போது ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வி வரும். நல்ல கேள்விதான்.

கப்பல் தன் பெயர், இடம், வேகத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியால் ரேடியோ அலையில் அனுப்புவதைக் கரையில் ஒரு கருவி பெற்று, இணையத்தில் ஏற்றி, அது உங்கள் போனுக்கு வருகிறது. வழியில் சில விநாடியும் தாமதமாகலாம், சில நிமிடமும் ஆகலாம். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் ஒரு நிமிடத்தில் 370 மீட்டர் நகரும். மூன்று நிமிடம் பழைய தகவல் என்றால் நீங்கள் விலகி நிற்க வேண்டிய 1,000 மீட்டர் முழுவதும் போய்விட்டது. படகிலேயே ஏ.ஐ.எஸ். பெறும் கருவி பொருத்தியிருந்தால் கப்பல் அனுப்புவது நேராக உங்களுக்கு வரும், அது வேறு.

அப்புறம், உங்களைப் போன்ற சின்னப் படகுகளில் பெரும்பாலானவை ஏ.ஐ.எஸ். வைத்திருப்பதில்லை. ஆப்பில் காலியாகத் தெரியும் இடத்தில் பத்துப் படகுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

செசபீக் செல்வி, அனாபொலிஸ்

சேகர் அண்ணா, ரேடியோ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. எங்கள் படகில் நிலையாகப் பொருத்தியது ஒன்று, கையடக்கம் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. அமெரிக்கக் கரையோரத்தில் பொழுதுபோக்குப் படகுக்காரர் ரேடியோவுக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை, அதனால் இங்கே அந்தத் தயக்கம் குறைவு. ஆனால் உங்கள் பதிவைப் படித்தால் ஆப் என்பதே ஆபத்து என்று புதியவருக்குத் தோன்றும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023 கணக்கைப் பாருங்கள். பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று நீரில் மூழ்கியதால். மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. நூறு பவுண்டு கையில் இருந்தால் இவர் முதலில் பிள்ளைகளின் அளவுக்குச் சரியான ஜாக்கெட் வாங்கட்டும். ரேடியோவும் ஆப்பும் அதற்குப் பிறகுதான்.

துடுப்புக் கயல், எடின்பரோ

நான் கடல் கயாக் ஓட்டுபவள். இங்கே எல்லாரும் படகில் சார்ட்பிளாட்டர் வைக்க இடமும், மின்கலமும், பணமும் இருக்கிறது என்ற இடத்திலிருந்தே பேசுகிறீர்கள். கயாக்கிலும் துடுப்புப் பலகையிலும் போகிறவர்களுக்கு முன்பு எதுவுமே இருந்ததில்லை. அலமாரியில் ஓத அட்டவணைப் புத்தகம் இருக்கும், அதை எடுத்துப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். இன்றைக்குப் பலகை வாங்கிய முதல் வாரத்திலேயே காற்று எந்தப் பக்கம், வற்றம் எத்தனை மணிக்கு என்று போனில் பார்க்கிறார்கள். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று பலகையை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதைப் பலர் ஆப்பில் அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள் என்று ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகு அமைப்பே சொல்கிறது. 1824 முதல் கடலில் ஆளைத் தூக்கி வருகிறவர்கள் சொல்வது. பலகையில் வைத்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். விழுந்த பிறகு பலகை ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

நான் ஒவ்வொரு முறையும் சேஃப்டிரெக்ஸ் ஆப்பில் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று போட்டுவிட்டே இறங்குகிறேன். நேரம் கடந்தால் என் அக்காவுக்குத் தகவல் போகும், அவர் காவல்படையைக் கூப்பிடுவார். தேட வேண்டி வந்தால் நான் போன தடம் அவர்களுக்குக் கிடைக்கும். ஒரு முறை கரையேறியதும் பயணத்தை முடித்ததாகப் பதிய மறந்துவிட்டேன். அக்கா நான்கு முறை அழைத்திருந்தார், ஐந்தாவதில்தான் எடுத்தேன். அன்று அவர் பட்ட பாட்டுக்குப் பிறகு மறந்ததே இல்லை.

ஒன்டாரியோ ரவி, டொராண்டோ

கயல் தங்கச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஒன்டாரியோ ஏரியில் ஓட்டுகிறேன். ஏரிதானே என்று நினைக்காதீர்கள், ஆழம் 244 மீட்டர் வரை போகும். ஜூன் மாதத்திலும் நடுவில் தண்ணீர் கடுங்குளிராக இருக்கும். கோடை நடுவில்கூடக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட்டால் அடியிலிருந்து குளிர்நீர் ஏறி ஒரே நாளில் வெப்பம் சரிந்துவிடும்.

இங்கே பயிற்சியில் 1-10-1 என்று சொல்லித் தருவார்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு. குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கையும் விரலும் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் ஈர விரலால் போன் திரையைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். விழுந்து அல்ல, நண்பர்களோடு கரையோரம் வேண்டுமென்றே இறங்கி, ஜாக்கெட் போட்டுக்கொண்டு. திரையில் நீர்த்துளி இருக்கும்போது போன் எது விரல் எது துளி என்று தடுமாறுகிறது. கடவுச்சொல் போடவே முடியவில்லை. ரேடியோவின் பொத்தானை உறை போட்ட கையாலும் அழுத்த முடிந்தது.

ஐபோன் 14-இல், 2022 நவம்பரில், செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும்தான் கொடுத்தார்கள். நல்ல வசதி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கும் திரையைத் தொட வேண்டும், வானத்தை நோக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் பி.எல்.பி. கருவியில் ஆண்டெனாவை நிமிர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினால், அது குறைந்தது 24 மணி நேரம் கூவிக்கொண்டே இருக்கும். என் ஜாக்கெட்டில் அது நிரந்தரமாக இருக்கிறது.

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

ரவி சொன்னது முழுக்க உண்மை. கயல், உங்களோடும் எனக்குச் சண்டை இல்லை. சேஃப்டிரெக்ஸை நானும் மாணவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறேன்.

என் கவலை வரைபடத்தில்தான் இருக்கிறது. 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியான வால்வோ ஓஷன் ரேஸில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு இந்தியப் பெருங்கடலில், மொரிஷியஸுக்கு வடகிழக்கே, கார்காடோஸ் கராஹோஸ் பவளப்பாறையில் முழு வேகத்தில் ஏறியது. ஒன்பது பேரும் பிழைத்தது பெரிய புண்ணியம். அந்தப் பவளப்பாறை பல கிலோமீட்டர் நீளம், நூற்றாண்டுகளாக வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் கணினியில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அளவுக்குச் சுருக்கினால் அங்கே நிலமே தெரியாது, கடலடி கொஞ்சம் மேடாக இருப்பது போல மட்டும் தெரியும். உள்ளே போய்ப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் பாறை தோன்றும். உலகத்தின் மிகத் திறமையான மாலுமிகள் அவர்கள்.

காகித வரைபடத்தில் ஒரு பாறை காணாமல் போகாது. மேசையில் விரித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். போனின் சின்னத் திரையில் நீங்கள் சாவித்துவாரம் வழியாகக் கடலைப் பார்க்கிறீர்கள்.

செசபீக் செல்வி, அனாபொலிஸ்

அண்ணா, இந்த உதாரணம் உங்கள் வாதத்துக்கே எதிராகப் போகிறது. வெஸ்டாஸில் இருந்தது போன் ஆப் அல்ல, விலையுயர்ந்த கணினிக் கருவிகள். தவறு நடந்தது எங்கே? புறப்படும் முன் வழி முழுவதையும் பெரிதாக்கிப் பார்க்காததில். அதை விசாரணை அறிக்கையும் சொன்னது. அந்த வேலையை வீட்டில் போனில் செய்வது எளிதா, படகின் மூலையில் இருக்கும் கருவியில் செய்வது எளிதா?

காகிதம் பற்றி. அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா பழைய காகித வரைபடங்களை நிறுத்தப்போவதாக 2019-இல் அறிவித்தது. லேக் டாஹோவின் 18665-ஆம் எண் வரைபடத்தில் தொடங்கி, 2025 ஜனவரிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இன்றைக்கு அரசின் முழு உழைப்பும் மின்வரைபடத்தில்தான் இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கலாம். புதியவரிடம் போய்க் காகிதம் வாங்கச் சொன்னால் அவர் திருத்தங்கள் போடாத பழைய தாளோடுதான் போவார். திருத்தாத காகிதம் நேற்று புதுப்பித்த ஆப்பைவிட ஆபத்தானது.

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

நோவா நிறுத்தியது சரிதான் அம்மா. ஆனால் அதே நோவா, வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்து நீங்களே அச்சடித்துக்கொள்ள ஒரு வசதியையும் கொடுத்திருக்கிறது. தாளின் தேவை போய்விட்டதாக அவர்களும் நினைக்கவில்லை. பிரிட்டிஷ் நீர்வரைவு அலுவலகம் 2026-க்குள் காகிதத்தை நிறுத்துவதாக 2022-இல் சொன்னது. படகுக்காரர்கள் மறுத்துப் பேசிய பிறகு குறைந்தது 2030 வரை தொடர்வதாக மாற்றிக்கொண்டது.

இன்னொன்று, இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. ஆப்பில் உங்கள் படகு ஓர் அம்புக்குறியாக, ஐந்து மீட்டர் துல்லியத்தில் தெரியும். அது மிதக்கும் வரைபடம் அதே துல்லியத்தில் இருக்கிறதா? வரைபடங்களுக்கு நம்பகத் தரம் உண்டு. ஏ1 என்றால் இடம் 5 மீட்டருக்குள் சரி. பி என்றால் 50 மீட்டர் வரை பிசகலாம். சி என்றால் 500 மீட்டர். பல கடற்கரைகளில் இன்னும் 19-ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த ஆழம்தான் அடிப்படை. விரலால் பெரிதாக்கப் பெரிதாக்கக் கோடு கூர்மையாகிக்கொண்டே போகும், தகவல் கூர்மையாகாது. தாளில் பார்த்தால் அளவுகோலே எச்சரிக்கும். திரையில் அளவு விரலோடு மாறிக்கொண்டே இருக்கும்.

செசபீக் செல்வி, அனாபொலிஸ்

தரக்குறியீடு பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். எனக்கே அது தெரியவர நான்கு ஆண்டுகள் ஆயின. ஆப் செய்கிறவர்கள் அதை எங்கோ அமைப்புகளுக்குள் புதைத்து வைக்காமல் வரைபடத்தின் மேலேயே காட்ட வேண்டும். இதற்காக இரண்டு நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஈயக்குண்டு அளந்த ஆழம்தான் தாளிலும் அச்சாகியிருக்கிறது, அண்ணா. காகிதம் அதைத் திருத்திவிடவில்லை.

இன்னொரு கண்ணி, புதியவருக்காகச் சொல்கிறேன். டேப்லெட் வாங்கினால் சிம் போடும் வகையை வாங்குங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சில்லே கிடையாது. வீட்டில் சரியாகக் காட்டும், கடலில் உங்களைத் தொலைத்துவிடும். எங்கள் படகுத்துறையில் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டது முதல் பயணத்தின் நடுவில்.

சாங்கி முரளி, சிங்கப்பூர்

வானிலை ஆப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் அதுதான் பெரிய விஷயம். சிங்கப்பூரில் மோட்டார் படகு ஓட்ட உரிமம் வேண்டும், அதனால் அடிப்படை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சுமத்ரா சூறைக்காற்றில் மாட்டிக்கொள்கிறோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ, மலாக்கா நீரிணை தாண்டி ஒரு நீண்ட வரிசையாக இடிமேகம் வரும். அரை மணி நேரத்தில் கண்ணாடி போன்ற கடல் வெள்ளை நுரையாகிவிடும்.

ஆப்பில் அழகாக நிறம் போட்டுக் காட்டும் காற்று, கணினி மாதிரியின் கணக்கு. பல ஆப்கள் இலவசமாகக் கொடுக்கும் அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரியில் கட்டம் ஒன்று ஏறத்தாழ 27 கிலோமீட்டர். சிங்கப்பூர்த் தீவே கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான். இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதில் சூறைக்காற்று எங்கே தெரியும்? நான் காலையில் வானிலை மையத்தின் மழை ரேடாரைப் பார்ப்பேன், மேற்கே வானம் கறுக்கிறதா என்று கண்ணால் பார்ப்பேன், அப்புறம்தான் கயிற்றை அவிழ்ப்பேன். ரேடாரும் போனில்தான் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்டாரியோ ரவி, டொராண்டோ

முரளி, இதே கதை இங்கே வேறு உருவத்தில். ஒன்டாரியோ வரைபடத்தில் உள்ள ஆழம் எல்லாம் ஏரி மட்டம் 74.2 மீட்டர் என்று வைத்து எழுதியது. 2017-லும் 2019-லும் தண்ணீர் ஏறி டொராண்டோ தீவுகளில் வெள்ளம் புகுந்தது. இலையுதிர் காலத்தில் மட்டம் இறங்கும். திரையில் எண் மாறாது. அந்த வாரத்து மட்டத்தைப் பார்த்துக் கூட்டிக் கழிப்பது நாம்தான் செய்ய வேண்டும். இதை மறந்து என் படகின் புரொபெல்லரை ஒரு செப்டம்பரில் பாறையில் உரசியிருக்கிறேன்.

புதுப்படகு, சவுத்தாம்ப்டன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு செல்வி அக்கா சொன்ன மாதிரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஆப்பின் சோதனைக் காலத்தில், ஹாம்பிளிலிருந்து கௌஸுக்குத் தானாக வழி போடச் சொன்னேன். கோடு பிராம்பிள் மணல்திட்டின் ஓரத்தை ஒட்டிப் போனது. எனக்கு அது திட்டு என்றே தெரியவில்லை. பெரியவரிடம் காட்டினேன். "படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கும் என்று இதற்குச் சொன்னாயா?" என்று கேட்டார். நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. எஞ்சினோடு சேர்த்து என் படகின் அளவைப் போட்டு, பாதுகாப்பு ஆழத்தையும் கூட்டியதும் கோடு விலகிப் போனது.

இப்போது எனக்குப் புதிய பயம். அன்று அவர் இல்லாவிட்டால் அந்த முதல் கோட்டிலேயே போயிருப்பேன்.

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

அந்தத் திட்டை நேரில் பார்க்க வேண்டும் தம்பி. ஆண்டுக்கு ஒரு முறை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய மிகப் பெரிய வற்றத்தில், நடுக்கடலில் மணல் வெளியே வரும். உங்கள் ஹாம்பிளிலுள்ள ராயல் சதர்ன் கிளப்பும் கௌஸின் ஐலண்ட் செயிலிங் கிளப்பும் அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒரு தடவை அங்கே நின்றவர்கள் அதன்மேல் வழி போடவே மாட்டார்கள்.

என் தாத்தா பழவேற்காட்டில் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு பனையையும் ஒரே கோட்டில் வைத்து முகத்துவாரத்துக்குள் நுழைவார். இங்கேயும் அதே முறைதான், மிதவையையும் கரைக் கட்டடத்தையும் கோட்டில் வைத்துப் போகிறோம். ஆப்பில் பார்த்த வழியை இப்படி இரண்டு கண்ணடையாளங்களாக மாற்றி ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நான் கேட்கும் காகிதம் அவ்வளவுதான்.

செசபீக் செல்வி, அனாபொலிஸ்

இதற்கு நான் எதிர்ப்பே சொல்ல மாட்டேன். செசபீக்கில் கோடை முழுவதும் நண்டுக்கூடைகளின் மிதவைகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். ஒன்றுகூட எந்த ஆப்பிலும் வராது, கயிறு புரொபெல்லரில் சுற்றினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் ஓட்டும்போது ஒருவர் திரையையும் ஒருவர் தண்ணீரையும் பார்ப்போம். ஓட்டுகிறவர் கையில் போன் இருக்கக் கூடாது என்பது எங்கள் படகில் ஒன்பது ஆண்டு விதி.

ஆனால் முதல் பதிவில் சொன்னதிலிருந்து நான் நகரவில்லை. பாருங்கள், அந்தத் தவறான கோட்டை இவர் கண்டுபிடித்தது வீட்டில் போனில் பார்த்ததால்தான். ஆப் இல்லாவிட்டால் பிராம்பிள் என்ற பெயரே தெரியாமல் புறப்பட்டிருப்பார்.

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

கண்டுபிடித்தது பக்கத்துப் படகுப் பெரியவர் அம்மா.

துடுப்புக் கயல், எடின்பரோ

பெரியவரிடம் காட்ட ஒரு கோடு இருந்ததே, அது ஆப் போட்டதுதானே அண்ணா. பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாதவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் படகு வாங்கும் கடையிலேயே படகு நீருக்குள் எவ்வளவு இறங்கும் என்று கேட்டு ஆப்பில் நிரப்பிக் கொடுத்தால் என்ன? அதைப் போடாமல் வழியே காட்டாதபடி ஆப்பைச் செய்தால் என்ன?

ஒன்டாரியோ ரவி, டொராண்டோ

கயல் கேட்டது நியாயம். நான் பார்த்த ஆப்களில் ஏதோ ஓர் எண்ணைத் தானாகவே போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். செல்வி அக்கா, அடுத்த முறை நிறுவனங்களுக்கு எழுதும்போது இதையும் சேருங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

புதுப்படகு, சவுத்தாம்ப்டன்

முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஜாக்கெட் இன்றே வாங்கியாயிற்று, கடையில் போட்டுப் பார்த்துத் தொடை வாரும் இறுக்கிப் பார்த்தோம். டி.எஸ்.சி.யுள்ள கையடக்க ரேடியோ ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். ரேடியோ தேர்வு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. ஆப்புக்கு ஆண்டுச் சந்தாவும் கட்டிவிட்டேன், வரைபடத்தை இறக்கி வைத்துவிட்டேன். சேஃப்டிரெக்ஸில் என் மச்சானைக் கரைத்தொடர்பாகப் போட்டிருக்கிறேன், கயல் சொன்ன மறதிக் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

முதல் தடவை பிள்ளைகள் இல்லாமல் போகிறேன். பெரியவர் கூட வருகிறார். சேகர் அண்ணா, அந்தத் துண்டுத்தாளுக்கு: ஹாம்பிள் வாயிலிருந்து வெளியே வந்ததும் முதல் கண்ணடையாளமாக எதை வைப்பது?

சோலன்ட் சேகர், போர்ட்ஸ்மத்

கால்ஷாட் கோட்டை. வலப்பக்கத்தில் தாழ்வான மணல்நாக்கின் நுனியில் உருண்டையாக நிற்கும். அதைப் பார்த்ததும் ரேடியோவை 12-இல் வைத்து இரண்டு நிமிடம் காது கொடுங்கள், கப்பல் எதுவும் வரவில்லை என்று உறுதியானதும் குறுக்கே போங்கள். மீதியைத் தனிச்செய்தியில் எழுதுகிறேன், உங்கள் படகு எவ்வளவு வேகம் போகும் என்று மட்டும் சொல்லுங்கள்.